மொரீசியஸ் காடு: களை எடுப்பதிலிருந்து கோவிலில் மரம் வைப்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில் இளைஞர் சங்கங்கள், வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. செடிகளுக்கு இங்கு எல்லோர் வாயிலும் வழங்கும் பிரெஞ்சு, கிரியோல் பெயர்களையே பெரும்பாலும் தந்திருக்கிறோம். தமிழ்ப் பெயரோ தமிழ்நாட்டில் ஓர் உறவு மரமோ உள்ள இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

மலையெல்லாம் பச்சைப்பசேலென்றுதானே இருக்கிறது? காடு அழிந்துவிட்டது என்று ஏன் சொல்கிறார்கள்?

பிளேன் ஷாம்பாஞ் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே பத்தடி நடந்து பாருங்கள். மணிக்கட்டுப் பருமன் உள்ள தண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். பட்டை சீவி எடுத்ததுபோல் வழவழவென்று, பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக உரிந்திருக்கும். இடையில் ஆள் நுழைய முடியாது. தரையில் ஒரு புல்கூட இருக்காது, அவ்வளவு இருட்டு. இது பிரேசிலிலிருந்து வந்த சீனக் கொய்யா, கிரியோலில் குயாவ் த சின். அதற்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைநீட்டும் கிழட்டு மரங்கள்தாம் இந்த மண்ணின் மரங்கள். அவை பூக்கின்றன, காய்க்கின்றன. விழும் விதை முளைத்தாலும் இருட்டில் கன்று செத்துப்போகிறது. நூறு வருடத்து மரம் ஒன்று புயலில் சாய்ந்தால் அந்த இடத்துக்கு அடுத்த மரம் இல்லை, கொய்யாதான் வருகிறது.

இத்தீவுக்கு இயல்பாக உரிய பூக்கும் தாவரங்கள் 691 வகை. அவற்றில் 273 உலகில் வேறெங்கும் இல்லை. டச்சுக்காரர்கள் 1638-ல் குடியேறிக் கருங்காலியை வெட்ட ஆரம்பித்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வெட்டு கூடியது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புக்காகச் சமவெளிக் காடு ஏறக்குறைய முழுதும் போயிற்று. களை புகாமல் நல்ல நிலையில் உள்ள நாட்டுக் காடு இன்று தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மிச்சமிருப்பதை யாரும் வெட்டவில்லை. ஆனாலும் அது உள்ளிருந்தே தேய்கிறது. அதனால்தான் இங்கே காட்டைக் காப்பது என்றால் முதல் வேலை களையெடுப்பு; மரம் நடுவது அதற்குப் பிறகு. கரும்புத் தோட்டத்தில் களை எடுத்த பரம்பரைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எந்தெந்தச் செடிகளைக் களை என்று கணக்கில் கொள்ள வேண்டும்?

மேட்டு நிலத்தில் முதல் இரண்டு, சீனக் கொய்யாவும் பிரிவேயும். பிரிவே இலங்கைப் பக்கத்துச் செடி. கறுத்த சின்னப் பழங்களைக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். அந்தப் பழத்தைத் தின்று விதையை மலை முழுதும் போடுவது கொண்டை வைத்த கோந்தே குருவி. அதுவும் வந்தேறிதான், தமிழ்நாட்டில் செம்மீசைச் சின்னான் என்பார்கள். அடுத்து பிக்கான் லூலூ என்னும் முள் படர்செடி. நிழல் விலகிய இடத்தை ஒரு மழைக்காலத்துக்குள் மூடிவிடும். ஈரமான சரிவுகளில் மடகாஸ்கரின் ராவெனால், அதாவது விசிறிவாழை. தாழ்நிலத்தில் லாந்தனா, அக்காசியா எனப்படும் சவுண்டல், ஜம்ரோசா, ஜாம்ப்லோன் என்கிற நம் நாவல்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். லியான் செர்ஃப் என்று இங்கே அழைக்கப்படும் கொடி வேறெதுவும் அல்ல, பழம்பாடல்களில் வரும் குருக்கத்தி, மாதவிக்கொடி. தமிழ்நாட்டில் அதைக் கோவில் நந்தவனத்தில் ஆசையாக வளர்ப்பார்கள். அங்கே அதற்குப் பூச்சியும் போட்டியும் உண்டு; அடக்கமாக இருக்கும். இங்கே அதை அடக்க எதுவும் இல்லை. மூன்று இறக்கை வைத்த விதை காற்றில் சுழன்று போய் விழுந்து, முளைத்து, மரத்தின் உச்சிவரை ஏறி, மரத்தையே போர்த்திச் சாய்க்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. ஊர் நினைவுக்காக இதை இங்கே நட்டுவிடாதீர்கள்.

சீனக் கொய்யாவையும் பிரிவேயையும் எப்படி எடுப்பது? வெட்டினாலும் திரும்ப வருகிறதே?

வெட்டியதோடு நிறுத்தினால் வரத்தான் செய்யும். ஒரு தண்டு வெட்டிய தூரிலிருந்து நாலைந்து துளிர் கிளம்பும். ஒரே ஆண்டில் முன்னிருந்ததைவிட அடர்த்தியாகும். முறை இது.

முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் கன்றுகளை மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது, தண்டின் அடியைப் பிடித்து வேரோடு மெல்ல இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கழுத்தில் அறுந்து, வேர் உள்ளேயே தங்கும். அந்த வேர் மீண்டும் துளிர்க்கும். பிடுங்கியபின் குழிந்த மண்ணைக் காலால் அழுத்திவிட வேண்டும். கிளறிய மண் மற்ற களை விதைகளுக்குப் பதமான பாத்தி.

பெருவிரலுக்கு மேல் பருத்தவற்றைத் தரையை ஒட்டி, அதிகம் போனால் ஒரு சாண் உயரத்தில், கிடைமட்டமாக அறுக்க வேண்டும். கொடுவாளால் சரித்து வெட்டினால் தூர் பிளந்துபோகும், மருந்து வழிந்தோடிவிடும். வாள்ரம்பம் நல்லது. அறுத்த ஐந்து நிமிடத்துக்குள் களைக்கொல்லியைத் தூரிகையால் வெட்டுவாயில் தடவ வேண்டும். எங்கே தடவுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நடுக் கட்டை உயிரற்றது, அங்கே ஊற்றிப் பயனில்லை. பட்டைக்கு உட்புறமாக உள்ள மெல்லிய வளையம்தான் வேருக்குச் சத்தை இறக்கும் பாதை. அதைச் சுற்றிவர நனைத்தால் போதும். தாமதித்தால் வெட்டுவாய் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அன்று மழை வரும் போலிருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். தெளிப்பான் கூடவே கூடாது. பக்கத்தில் நிற்கும் நாட்டுக் கன்றுகள் போய்விடும். அளவுக்குப் புட்டியில் அச்சிட்டதையே பின்பற்றுங்கள். ஓடைக்கரையில் மருந்தே வேண்டாம்.

மருந்து தொடாமலும் முடியும், பொறுமை வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துளிரை ஒடித்துக்கொண்டே இருந்தால் வேரில் சேர்த்த சத்து தீர்ந்து தூர் சாகும். இரண்டு ஆண்டுவரை ஆகலாம். இடையில் ஒரு தடவை விட்டுவிட்டால் பழைய கணக்கு அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெட்டிய கிளைகளை ஈரத்தரையில் போடாதீர்கள். நடு மேட்டின் மழையில் அவை கிடந்த இடத்திலேயே வேர்விடும். இரண்டு கட்டைகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் அடுக்குங்கள், காற்றோட்டத்தில் காய்ந்துவிடும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் வெட்டி வெளிச்சமாக்கும் ஆசையும் வேண்டாம். திடீரென்று வெயில் விழுந்தால் பிக்கான் லூலூவும் புல்லும் முந்திக்கொள்ளும், நிழலில் வளர்ந்த நாட்டுக் கன்றுகள் கருகும். நல்ல நாட்டு மரங்கள் மிச்சமிருக்கும் இடத்தில் தொடங்கி வெளிநோக்கிப் போவதே சரி. மோசமான இடத்தில் தொடங்கினால் எடுப்பது ஒருபுறம் இருக்க, வருவது ஒருபுறம் வந்துகொண்டே இருக்கும். முதல் ஆண்டில் மூன்று நான்கு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பிப் போக வேண்டும். கொய்யா விதை மண்ணில் நெடுநாள் உறங்காது, சில மாதங்களில் முளைப்புத் திறன் போய்விடும் என்பது நமக்குச் சாதகம். பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் பறவையும் பன்றியும் குரங்கும் பக்கத்துப் புதரிலிருந்து கொண்டுவருபவை.

பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் இப்படிக் களை எடுத்து, மானும் பன்றியும் நுழையாதபடி வேலி போட்ட பகுதிகள் பல உண்டு. பாதுகாப்பு மேலாண்மைப் பகுதிகள் என்பார்கள். வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் தரையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்: உள்ளே நாட்டு மரங்களின் கன்றுகள், வெளியே கொய்யா நாற்று.

யார் வேண்டுமானாலும் போய்க் களை எடுக்கலாமா?

கூடாது. தேசியப் பூங்காவிலும் இயற்கைக் காப்பிடங்களிலும் அனுமதியின்றி எந்தச் செடியையும் தொடக் கூடாது, அது களையாகவே இருந்தாலும். மலைக் காப்பு, ஆற்றங்கரைக் காப்பு என்று அறிவித்த தனியார் நிலத்துக்கும் 1983-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அனுமதி தேவை. பூங்காத் துறையோ பாதுகாப்பு அமைப்புகளோ நடத்தும் தன்னார்வ நாட்களில் சேர்ந்துகொள்ளுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

களை என்று நினைத்து நாட்டுச் செடியைப் பிடுங்கிவிடுகிறோம். எப்படித் தவிர்ப்பது?

இத்தீவின் மரங்களில் ஒரு விசித்திரம் உண்டு. கன்றாக இருக்கும்போது இலை ஒரு மாதிரி, மரமானபின் வேறு மாதிரி. புவா தொலீவ் கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இலை நாடாவைப் போல நீண்டு, குறுகி, கரும்பச்சையாக இருக்கும். நடுநரம்பு செக்கச்செவேலென்று கோடு கிழித்தாற்போல் ஓடும். அதே மரம் வளர்ந்தபின் அகன்ற, முட்டை வடிவ, வெளிர்ந்த இலைகளைத் தாங்கி நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் தாயும் பிள்ளையும் என்று யாரும் நம்பமாட்டார்கள். பழைய காலத்து ராட்சத ஆமைகளின் வாயிலிருந்து கன்றுகள் தப்ப இந்த வேடம் உதவியிருக்கலாம் என்பது தாவரவியலாளர் கருத்து.

ஆகவே ஒல்லி இலையும் சிவந்த நடுநரம்பும் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். புதிய குழுவை முதல் நாளே பல களைகளை எடுக்கச் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரே ஒரு களை, சீனக் கொய்யா மட்டும் என்று வைத்தால் தவறு குறையும். அதன் இலை எதிரெதிர் ஜோடியாக வரும், தோல்போல் தடித்துப் பளபளக்கும். கசக்கினால் பால் வராது.

குயாவ் த சின் பழம் பறிக்கக் குடும்பத்தோடு போகிறோம். அது தவறா?

தவறில்லை. மிளகாயும் உப்பும் தொட்டுத் தின்னும் அந்தப் பழம் இங்குள்ள எல்லோருக்கும் சொந்தமான ருசி. ஆனால் பழம் பறித்தால் செடி குறையும் என்று எண்ண வேண்டாம். பாதையை விட்டு உள்ளே போகாதீர்கள். திரும்பும்போது செருப்பின் அடியில் ஒட்டிய சேற்றை அங்கேயே தட்டிவிட்டு வாருங்கள், அழுகியதை வீட்டுப் பின்புற ஓடையில் கொட்டாதீர்கள்.

கோர் தெ கார்ட் மலையடிக் கோவிலுக்குக் காவடி எடுக்கிறோம். மலைக்கு எங்களால் கெடுதல் உண்டா?

குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம். காத்ர் போர்னில் அந்த 720 மீட்டர் மலையின் அடிவாரத்தில் முருகன் நிற்பதில் வியப்பில்லை. அதே மலை இயற்கைக் காப்பிடமும்கூட. அதன் செங்குத்தான பாறைச் சரிவிலும் லெ மோர்ன் மலையிலும் மட்டுமே மாந்திரினெத் என்னும் செம்பருத்தி காட்டுச்செடியாக இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. மிச்சமிருப்பவை சில பத்துச் செடிகள்.

அதற்கு வந்த ஆபத்துகளில் ஒன்று நம் பூக்கூடையில் இருக்கிறது. பூசைக்கு வைக்கும் சாதாரணச் செம்பருத்தி அதற்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் எளிதில் கலந்துவிடும். கலப்பு விதையிலிருந்து வரும் செடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாந்திரினெத் அதோடு கரைந்துபோகும். இதனால் நாற்றங்காலில் அதன் விதையை எடுக்க விரும்புவோர் மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டி, இன்னொரு மாந்திரினெத்தின் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்து, காய் பிடிக்கும்வரை பையை அவிழ்க்காமல் காக்க வேண்டும்.

மலையை ஒட்டி வீடோ கோவிலோ இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இது: ஒற்றையடுக்குச் செம்பருத்தியை மலைப்பக்க எல்லையில் வைக்காதீர்கள். அந்த இடத்துக்கு நந்தியாவட்டை, மல்லிகை, செவ்வந்தி வையுங்கள். கவாத்து செய்த செம்பருத்திக் கிளைகளைச் சரிவில் எறியாதீர்கள். கிளை மண்ணில் பட்டாலே வேர்விடும் சாதி அது.

காவடிக்கான ஓலையும் பூவும் வீட்டுத் தென்னையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வரட்டும். மலையில் எதையும் ஒடிக்க வேண்டாம். தைப்பூசம் மழைக்காலத்தில் வருகிறது, சரிவு ஊறியிருக்கும். படியை விட்டு ஒருவர் விலகி ஏறினால் பின்னால் வருபவர்களும் அதே தடத்தில் ஏறுவார்கள். ஒரே நாளில் புதுப் பாதை விழும், அடுத்த மழையில் மண் இறங்கும். பால்குடம் புறப்படும் ஆற்றங்கரையில் எலுமிச்சையும் பூவும் மட்கிவிடும். கற்பூரப் பொட்டல உறை, பால் பாக்கெட், நைலான் கயிறு மட்காது. ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் கோணிப்பையோடு நாலு பேரை நிறுத்தினாலே போதும்.

கிராண்ட் பாசின் புனித ஏரிக்கரையில் குரங்குக்குப் பழம் கொடுப்பது புண்ணியம் இல்லையா?

பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே இருப்பது அனுமன் பெயர் சொல்லி வணங்கப்படும் இந்தியக் குரங்கு அல்ல. தென்கிழக்கு ஆசியாவின் நீண்டவால் குரங்கு, 400 ஆண்டுக்கு முன் கப்பலில் வந்தது. நாட்டு மரங்களின் காயைப் பழுக்கும் முன்பே கடித்துப் போட்டு விதையை வீணாக்குகிறது. புறா, கிளிக் கூடுகளில் முட்டையை எடுக்கிறது. நாம் போடும் வாழைப்பழம் அதன் கூட்டத்தைப் பெருக்குகிறது. அந்தக் கூட்டம் மீதி நேரமெல்லாம் தேசியப் பூங்காவில்தான் மேய்கிறது. படைத்த பழத்தைப் பிரசாதமாக மனிதர்களுக்கே பகிர்ந்துவிடுங்கள். படித்துறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வௌவால் லிச்சியைத் தின்று தீர்க்கிறது. அதைச் சுடுவதில் என்ன தப்பு?

நவம்பர், டிசம்பரில் ஒரு மரம் முழுதும் இழப்பவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் சுடுவது பலன் தரவில்லை. அரசு 2015-லும் 2016-லும் பல்லாயிரக்கணக்கில் கொன்றது, பழச்சேதம் தீரவில்லை. 2018-ல் இந்த வௌவாலை அருகிவிட்ட இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், விழுந்த எண்ணிக்கை எழ நாளாகும். தனியாள் சுடுவது சட்டப்படி குற்றமும்கூட.

காட்டுக்கு அது ஏன் வேண்டும்? டோடோ போயிற்று, ராட்சத ஆமைகள் போயின, பெரிய கிளிகள் போயின. பெரிய கொட்டை உள்ள பழத்தைத் தூக்கிக்கொண்டு தாய்மரத்தை விட்டுத் தொலைவில் போடக்கூடியதாக மிஞ்சியது இந்த வௌவால் ஒன்றுதான். நாத், மக்காக், தம்பலகோக் எல்லாம் நம் இலுப்பை, மகிழம்பூ குடும்பத்து மரங்கள். இலுப்பைக்கும் வௌவாலுக்கும் உள்ள பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல.

லிச்சியைக் காக்க வலைதான் வழி. மரத்தை அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து நாலைந்து மீட்டருக்குள் வையுங்கள். இருபது அடிக்கு மேல் போன மரத்தில் வலை ஏற்ற முடியாது. வெள்ளை நிற வலை இருட்டில் வௌவாலுக்குத் தெரியும். கண் உங்கள் விரல் நுழையாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். பெரிய கண் வலையில் இறக்கையும் பறவைக் காலும் சிக்கி அறுந்துபோகும். மூங்கில் அல்லது குழாய்ச் சட்டம் நட்டு அதன்மேல் இழுத்துக் கட்டுங்கள். இலைமேலேயே போட்டால் வௌவால் வலைமேல் உட்கார்ந்து உள்ளே இருக்கும் பழத்தைக் கடிக்கும், வலையும் தொய்ந்து பொறியாகிவிடும். அடிப்பக்கத்தைத் தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். காய் நிறம் மாறத் தொடங்கும்போது ஏற்றி, பறித்த அன்றே இறக்கிவிடுங்கள்.

அழியும் நிலையிலிருந்து பறவைகள் மீண்டன என்கிறார்கள். என்ன செய்தார்கள்?

கிரெசரெல் என்னும் சின்ன வல்லூறு 1974-ல் காட்டில் நான்கே நான்குதான் தெரிந்தன. மலேரியா ஒழிப்புக்குத் தெளித்த டிடிடி, காடழிவு, எலி, பூனை, கீரி, குரங்கு எல்லாம் சேர்ந்து அந்த நிலைக்குத் தள்ளின. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவர் குழுவும் செய்த முக்கியமான வேலை முட்டையில்தான். கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்தால் தாய் மறுபடி இடும். எடுத்ததை அடைகாப்புப் பெட்டியில் பொரிக்கவைத்து, கையால் ஊட்டி வளர்த்து, பாதுகாப்பான பாறையில் வைத்த கூண்டிலிருந்து மெல்லப் பழக்கி விட்டார்கள். பத்தாண்டில் 300-க்கும் மேற்பட்ட பறவைகள் வெளியே போயின. குரங்குக் கை நுழையாத கூட்டுப் பெட்டிகளையும் வைத்தார்கள்.

இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்துப் பக்கம் இருந்தது. இப்போது நானூறுக்கு மேல். எக்கோ கிளி இருபதுக்குக் கீழே இறங்கி, இப்போது எழுநூறைத் தாண்டியிருக்கிறது. ஆனால் புறாவுக்கும் கிளிக்கும் இன்னமும் தீனி வைக்க வேண்டியிருக்கிறது. எலிப்பொறி வைப்பதை நிறுத்தவும் முடியாது. காரணம் ஒன்றுதான், அவை வயிறாரத் தின்ன நாட்டுக் காடு போதவில்லை. வல்லூறு மறுபடி குறைந்து, 2014-ல் அதன் நிலையை மீண்டும் அருகிய இனம் என்று மாற்ற நேர்ந்தது. பறவையைக் கூண்டில் பெருக்குவது பத்தாண்டு வேலை. அதற்கான காட்டைத் திருப்புவது பல தலைமுறை வேலை.

வீட்டில் வளர்க்கும் வெளிநாட்டுக் கிளியைத் தயவுசெய்து வெளியே விட்டுவிடாதீர்கள். அலகு, இறகு அழுகும் நோயால் எக்கோ கிளிகள் ஏற்கெனவே அடிபட்டிருக்கின்றன.

டோடோ இல்லாததால் தம்பலகோக் விதை முளைப்பதில்லை என்பது உண்மையா?

இல்லை. 1977-ல் வெளியான ஒரு கட்டுரை பரப்பிய கருத்து அது. டோடோ 17-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது, ஆனால் அதற்குப் பின் முளைத்த மரங்களும் காட்டில் உண்டு. கொட்டையைச் சுற்றி இயல்பாகவே ஒரு கோடு இருக்கும், விதை உப்பும்போது அந்தக் கோட்டில் அதுவாகப் பிளந்துகொள்ளும். முளைக்க வைப்பவர் கவனிக்க வேண்டியது சதைதான். ஒட்டு மொத்தமாகச் சுரண்டிக் கழுவாவிட்டால் பூஞ்சணம் பிடித்து உள்ளே அழுகும். அரத்தால் ராவவோ சுத்தியால் தட்டவோ வேண்டாம். முளைக்க மாதக்கணக்கில் ஆகும், சிலர் செத்த விதை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். மரம் அருகியதற்கு உண்மையான காரணம் பிஞ்சிலேயே பறிக்கும் குரங்கும், அடியில் மூடிய கொய்யாவும்.

வெளிநாட்டு விலங்கு கெடுதல் என்கிறீர்கள். பிறகு செஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா ராட்சத ஆமையை இங்கே ஏன் விட்டார்கள்?

மாயேபூருக்கு எதிரே 26 ஹெக்டேர் பரப்புள்ள பவழப்பாறைத் தீவு இல் ஓ எக்ரெத். அங்கே ஒருவகைக் கருங்காலி மிஞ்சியிருந்தது, ஆனால் பழம் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய மொரீசியஸ் ஆமைகள் இரண்டு இனமும் அழிந்துவிட்டன. 2000-ல் அல்டாப்ரா ஆமைகளை விட்டார்கள். அவை பழத்தைத் தின்று, விதையைத் தொலைவில் சாணத்தோடு போட்டன, அந்த விதைகள் நன்றாகவும் முளைத்தன. ஆமை மரம் ஏறாது, முட்டை திருடாது, வேலி போட்டால் தாண்டாது. தவறு தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்பப் பிடித்துவிடலாம். 1900-ல் எலியைப் பிடிக்கக் கொண்டுவந்த கீரியை இன்றுவரை பிடிக்க முடியவில்லை.

வடக்கே உள்ள இல் ரோந்தில் இதற்கு மறுபுறத்தைப் பார்க்கலாம். ஆட்டை 1979-லும் முயலை 1986-லும் ஒழித்தபின் பனைகள் தாமாகவே முளைக்கத் தொடங்கின. அங்கே எலி ஏறியதே இல்லை. அதைக் காக்க, தீவுக்குப் போகும் ஒவ்வொரு பையையும் அடைத்த அறையில் பிரித்து, செருப்பின் பள்ளங்கள்வரை விதை தேடுகிறார்கள். ஒரு சினை எலி போதும், அத்தனையும் போய்விடும்.

கியூர்பிப் பூங்காவில் ஒற்றையாக நிற்கும் பனைக்கு ஏன் கன்று இல்லை?

அந்த இனத்தில் உலகில் மிஞ்சியது அந்த ஒரு மரம். ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் வந்தாலும் அவை வெவ்வேறு நேரத்தில் முதிர்கின்றன, பக்கத்தில் துணைமரம் இல்லை. ஆய்வகத்தில் முளைக்கவைத்த கன்றுகள் மண்ணுக்கு மாற்றியபோது தங்கவில்லை.

இந்தியா போய் வரும்போது விதையோ செடியோ கொண்டுவரலாமா?

இறக்குமதி அனுமதி இல்லாமல் கூடாது. பூசைக்கான பொருளாக இருந்தாலும் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள். குருக்கத்தியின் கதை மேலே இருக்கிறது.

எங்கள் கோவில் வளாகத்தில் இரண்டு மூன்று மரம் வைக்க இடம் உண்டு. எதை வைக்கலாம்?

முதலில் உங்கள் ஊர் மழை. மேற்குக் கரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மி.மீ. மழை, நடு மேட்டில் 4,000 மி.மீ. வரை. மேட்டு மரத்தைக் கரையில் வைத்தால் முதல் அக்டோபரிலேயே காய்ந்துவிடும். கியூர்பிப், வக்வா பக்கம் என்றால் புன்னையின் உறவான தத்தமாக்கா நல்ல நிழல் தரும். கட்டடத்திலிருந்து எட்டு மீட்டர் தள்ளி வையுங்கள். இடைப்பட்ட ஊர்களுக்கு மருத மரத்தின் இனமான பென்ஜ்வேன், அல்லது புவா தொலீவ். வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வராதீர்கள்.

கடலோரக் கோவில்களுக்கு எங்கள் தேர்வு லத்தானியே புளூ. நம் பனையின் நெருங்கிய சொந்தம், அதே விசிறி ஓலை, நீலச்சாம்பல் பூத்த நிறம். பனையைப் போலவே ஆண் தனி, பெண் தனி. ஒன்று மட்டும் வைத்தால் காய்க்காது. பூக்கும்வரை எது எதுவென்று சொல்லவும் முடியாது, ஆகவே குறைந்தது மூன்று கன்றுகள் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு மீட்டர் இடைவெளி. ரெயூனியனின் சிவப்பு லத்தானியேவும் ரொட்ரீக்கின் மஞ்சளும் இதனோடு கலந்துவிடும் என்பதால் நீலம் என்று உறுதிசெய்து வாங்குங்கள்.

குழி முன்கூட்டியே தயாராக இருக்கட்டும், நீளம் அகலம் ஆழம் 50 செ.மீ. டிசம்பர் அல்லது ஜனவரியில் இரண்டு நல்ல மழை பெய்தபின் நடுங்கள். பனைக்கன்றின் வேர் உடைந்தால் தேறாது. பையைக் கத்தியால் கிழித்து எடுங்கள், கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். தண்டின் கழுத்து மண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்தால் குருத்து அழுகும். சுற்றிலும் காய்ந்த கரும்புச் சோகையை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர்வரை வாரம் இரண்டு முறை கன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். அபிஷேகத் தண்ணீரையும் அங்கே திருப்பலாம். பாலும் எண்ணெயும் கலந்ததை மட்டும் வேண்டாம், அதற்கு எறும்பும் எலியும் வரும். லத்தானியே கொட்டையை எலி விடாது.